புடெல்பாயின்டர்

ஜெர்மனியின் கம்பிமயிர் வேட்டைநாய் இனம் ஒன்றின் பெயர் இது. 'புடெல்' என்றால் பூடில் நாய். நீரில் அளைவதைக் குறிக்கும் ஜெர்மன் வினையிலிருந்து பிறந்த சொல். இன்று மடியில் வளரும் பூடில், அன்று சுட்டு வீழ்த்திய வாத்தை நீந்திப்போய் கவ்விவரும் நாய். 'பாயின்டர்' ஆங்கிலத்திலிருந்து வந்தது: மோப்பம் பிடித்ததும் இரை இருக்கும் திசையைச் சுட்டி, சிலைபோல் நிற்பது.

'ஹேகெவால்ட்' என்ற புனைபெயரில் எழுதிய ஃபொன் ஸெட்லிட்ஸ் வற்புறுத்திய கலப்பு இது, தொடங்கியது 1881இல். பல இனங்கள் தம் கலப்பைப் பெயருக்குள் மறைக்கின்றன. இதுவோ தாய் தந்தை இருவரையும் பெயரிலேயே சூடிக்கொண்டது. அந்த நேர்மை எனக்கு மிகவும் பிடிக்கும்.

இதன் குருதி ஓடும் உறவினம் 'டிராட்ஹார்'. டிராட் கம்பி, ஹார் மயிர். அதில் ஃபொன் வில்லிபிராண்ட் என்னும், இரத்தம் எளிதில் உறையாத பரம்பரை நோய் காணப்படுகிறது. பெற்றோர் இருவரும் பழுதான மரபணுவைத் தந்தால்தான் அது குட்டியை வாட்டும். உறவுக்குள்ளேயே இணைசேர்க்க, அந்த வாய்ப்பு கூடும். புறக்கலப்பு அதைக் குறைக்கும். ஆனால், வெளியிலிருந்து வரும் நாயும் தன் பழுதைக் கொண்டுவரலாம். இணைசேர்க்கும் முன்பே இரண்டுக்கும் மரபணுச் சோதனை செய்துவிட வேண்டும்.