இரணைமடுவும் ஒரு சாயக் கோடும்

இரணைமடுக் குளத்தின் துருசு திறக்கப்படும் வேளையில் வாய்க்காற் கரையில் நின்றவர்கள் அறிவார்கள்: வெளிப்படும் நீர் சுழித்து, மோதி, நுரைத்து, சிறிது தூரம் சென்ற பின்னரே அடங்குகிறது. அடங்கியதாகத் தோன்றும் அந்நீருக்குள்ளும் சுழிகள் ஓய்வதில்லை. கொந்தளிப்புப் பாய்ச்சல் என்று பௌதிக அறிஞர் இதனைக் கூறுவர். கமக்காரனின் பங்கு இந்தக் கொந்தளிப்பை அளக்கும் முறையிலே தங்கியிருக்கிறது என்றால், நம்மிற் பலர் வியப்படையக்கூடும்.

1883ஆம் ஆண்டில் மான்செஸ்டர் நகரத்துப் பேராசிரியர் ஒஸ்போர்ன் ரெனோல்ட்ஸ், கண்ணாடிக் குழாயொன்றில் நீரை ஓடவிட்டு, அதன் நடுவே மெல்லிய சாயக் கோடொன்றைச் செலுத்தினார். வேகம் குறைவாயிருந்தபோது சாயம் நூல்போல் நேராகச் சென்றது. வேகம் மிகுந்ததும் ஓரிடத்தில் திடீரெனக் குலைந்து, குழாய் முழுவதும் கலந்தது. மின்பொறியின் கணநேர ஒளியில் நோக்கியபோது அந்தக் குலைவு சுழிகளின் கூட்டமாகத் தெரிந்தது! வேகம், குழாயின் விட்டம், நீரின் பிசுக்குத்தன்மை ஆகிய மூன்றும் சேர்ந்து தரும் ஓர் எண்ணே இம்மாற்றத்தை நிர்ணயிக்கிறது என அவர் கண்டார். சாதாரணக் குழாய்களில் அவ்வெண் 2,000 அளவைக் கடந்ததும் ஒழுங்கு குலையத் தொடங்கும். (நூறாண்டுக்குப் பின் அதே கருவியில் பரிசோதனை நடந்தபோது, மான்செஸ்டர் வீதி வாகனங்களின் அதிர்வினால் நீர் இன்னும் முன்னதாகவே குலைந்ததாம்.) பெரிய வாய்க்காலிலோ அவ்வெண் பல இலட்சம். அங்கே நேர்கோட்டுக்கு இடமேது?

இரண்டாண்டு கழித்து, 1885இல், காலனி ஆட்சியின் பொறியியலாளர் ஹென்றி பார்க்கர் இரணைமடுத் திட்டத்தை வரைந்தார். 1902இல் வேலை தொடங்கிற்று. பின்னாளில் அணை மேலும் மேலும் உயர்த்தப்பட்டு, கொள்மட்டம் இன்று 36 அடியாக நிற்கிறது. 36 அடி என்பது கோலில் வாசிக்கத்தக்க எண். வாய்க்காலில் ஓடும் நீரையோ அப்படி வாசிக்க இயலாது.

அதற்குரிய சூத்திரத்தை அயர்லாந்துப் பொறியியலாளர் ராபர்ட் மானிங் 1889இல் முன்வைத்தார். சரிவும் ஆழமும் தெரிந்தாற் போதாது. வாய்க்காலின் கரடுமுரட்டுக்கும் ஓர் எண் வேண்டும். எந்தக் கோட்பாட்டிலிருந்தும் அதைப் பெற முடியாது. ஓடும் நீரை அளந்தே பெற வேண்டும். துப்புரவான மண் வாய்க்காலுக்கு அது ஏறக்குறைய 0.02. புல்லும் பாசியும் மண்டினால் இரு மடங்காகும், அதற்கு மேலும் போகும். இரு மடங்கானால், அதே சரிவில், அதே ஆழத்தில், நீர் பாதிதான் ஓடும். அளவுகோல் பழைய அடியையே காட்டிக்கொண்டிருக்கும். கடைக்கோடி வயல் காயும்.

உள்நாட்டுப் போர் 2009இல் முடிந்தபின், இரணைமடு நீரை யாழ்ப்பாணத்துக்குக் குடிநீராகக் கொண்டுசெல்லும் திட்டம் எழுந்தபோது, கிளிநொச்சிக் கமக்காரர் சிறுபோகத்தை எண்ணி எதிர்த்தனர். யாழ்ப்பாணத்தின் தாகமும் பொய்யன்று. வயலின் தாகமும் பொய்யன்று. கமக்காரரின் அச்சத்தைப் பிரதேசப் பொறாமை என்று தள்ளுவது அநீதி. குளத்தில் எத்தனை அடி என்பதற்கு விடை கிடைத்தாலும், கடைக்கோடிக்கு எவ்வளவு சேரும் என்ற கேள்வி அவர்கள் முன் எஞ்சியே நின்றது.

அதற்கு விடை காண ஒரு வழி உண்டு. சுழலும் வேகமானியை, மேல்மட்டத்திலிருந்து பத்தில் ஆறு பங்கு ஆழத்தில் இறக்கி, ஒரு நிமிட அளவு சுற்றுகளை எண்ண வேண்டும். சுழிகளால் வேகம் கணந்தோறும் மாறுவதால் ஒரு கணத்து அளவு பயனற்றது; சராசரியே வேண்டும். பின் சில அடி நகர்ந்து மீண்டும் எண்ண வேண்டும். இவ்வாறு கரைக்குக் கரை. இதற்கு இடுப்பளவு நீரில் ஒரு மனிதன் நிற்க வேண்டும். எண்களைக் குறிக்கக் கரையில் இன்னொருவன். அந்த இன்னொருவன் கடைக்கோடி வயற்காரனாக ஏன் இருக்கக் கூடாது?