ஈருடல் ஓருயிர்: ஒரு ஜெர்மன் தொலைக்காட்சிக் குடும்பம்

ஜெர்மனியில் இன்றும் பேசப்படும் பழைய தொலைக்காட்சி நகைச்சுவைத் தொடர்களில் ஒன்று 'ஐன் ஹெர்ட்ஸ் உண்ட் ஐனெ ஸீலெ' (1973-1976). சொல்லுக்குச் சொல் பெயர்த்தால் 'ஓர் இதயமும் ஓர் ஆன்மாவும்'. நம் வழக்கில் 'ஈருடல் ஓருயிர்' எனலாம். தலைப்பே கிண்டல்தான், அந்த வீட்டில் பெரும்பாலும் சண்டை.

தொடரின் மூலம் பிரிட்டனுடையது. ஜானி ஸ்பைட் பிபிசிக்கு எழுதிய 'டில் டெத் அஸ் டூ பார்ட்' தொடரே, 1971-இல் அமெரிக்காவில் நார்மன் லியரின் 'ஆல் இன் த ஃபேமிலி' ஆனது. ஜெர்மன் வடிவத்தை எழுதியவர் வொல்ஃப்காங் மெங்கே. 1973 ஜனவரியில் மேற்கு ஜெர்மன் வட்டார ஒளிபரப்பில் கறுப்பு வெள்ளையில் தொடங்கியது. அவ்வாண்டின் கடைசி நாளில் வண்ணத்தில் நாடு முழுவதும் சென்றது.

கதைக்களம் ரூர் தொழிற்பகுதியிலுள்ள வாட்டன்ஷைட். குடும்பத் தலைவர் ஆல்ஃபிரட் டெட்ஸ்லாஃப். குள்ள உருவம், ஹிட்லரை நினைவூட்டும் மீசை. சமூக ஜனநாயகக் கட்சியினர், வில்லி பிராண்ட், வெளிநாட்டுத் தொழிலாளர் என யாரையும் விடாமல் திட்டுவார். மனைவியை அழைப்பதே 'முட்டாள் பசு' என்றுதான். அதே வீட்டில் மகள் ரீட்டா. கிழக்கு ஜெர்மனியிலிருந்து வந்த மருமகன் மிஷாயேல். மருமகன் இடதுசாரி என்பதால் வாய்ச்சண்டைக்குப் பஞ்சமில்லை.

ஆல்ஃபிரடாக நடித்த ஹைன்ஸ் ஷூபர்ட் (1925-1999), பிரெக்ட்டின் பெர்லினர் ஆன்சாம்பிள் நாடகக் குழுவிலிருந்து வந்தவர். கடை ஜன்னல் பொம்மைகளைப் படமெடுத்த புகைப்படக் கலைஞரும் கூட. மனைவி எல்ஸெயாக எலிசபெத் வீடமான், ரீட்டாவாக ஹில்டெகார்ட் கிரெக்கெல், மருமகனாக டீத்தர் கிரெப்ஸ்.

வெளிநாட்டுத் தொழிலாளர்களை ஆள் சேர்ப்பதை மேற்கு ஜெர்மனி நிறுத்தியது 1973 நவம்பரில். அந்தக் காலத்தில் இப்படி ஒரு பாத்திரம் வீட்டுக்கூடத்துக்குள் வந்து பேசினால் என்ன ஆகும்? துவேஷத்தை நையாண்டி செய்வதே மெங்கேயின் நோக்கம். ஆனால் 'நாம் நினைப்பதைத்தான் இவர் பேசுகிறார்' என்று கைதட்டியவர்களும் இருந்தார்கள். அமெரிக்கத் தொடரைப் பற்றி விட்மாரும் ரோக்கீச்சும் 1974-இல் வெளியிட்ட ஆய்வும் இதையே காட்டியது: முன்முடிவு கொண்ட பார்வையாளர் அதை நையாண்டியாகப் பார்ப்பது குறைவு. மருந்து என்று கொடுத்ததைச் சிலர் விருந்தாகச் சாப்பிட்டுவிடுகிறார்கள்!

இந்தத் தொடரில் ஆல்ஃபிரடை உண்மையில் தோற்கடிப்பது மருமகனின் வாதம் அல்ல என்பது என் எண்ணம். வாதத்துக்கு எதிர்வாதம் அவரிடம் எப்போதும் தயார். எல்ஸெதான் அவரைத் தடுக்கி விழ வைப்பவர். எதையும் தப்பாகப் புரிந்துகொண்டு அவர் கேட்கும் வெகுளிக் கேள்வியில் அந்த நீண்ட பிரசங்கம் சரிந்துவிடும். 1976-இல் எல்ஸெயாக ஹெல்கா ஃபெடர்சனும், மருமகனாக கிளவுஸ் டாலெனும் வந்தார்கள். நான்கு பகுதிகளோடு தொடர் முடிந்துபோனது. ஆல்ஃபிரட் அப்படியேதான் இருந்தார். அவரைச் சமன்செய்த கூட்டணிதான் கலைந்திருந்தது.

ஆல்ஃபிரட் யாரைப் பற்றிப் பேசினாரோ அந்த வரிசையில் பிறகு நாமும் சேர்ந்தோம். 1980களில் ஈழத்தமிழர் அகதிகளாக வந்தார்கள். பின்னால் எங்களைப் போன்ற கணிப்பொறிக்காரர்கள். அதே ரூர் பகுதியின் கிழக்கோரத்தில், ஹம் நகரில், 2002-இல் காமாட்சி அம்பாள் கோவில் எழுந்தது.

புத்தாண்டுக்கு முந்தைய இரவைக் களமாகக் கொண்ட பகுதி, பல ஆண்டுகளாக அந்த இரவிலேயே மறுஒளிபரப்பாகிறது. ஜெர்மன் ஓரளவு பிடிபட்டவர்கள் பார்க்கலாம். ஆல்ஃபிரட் பேசும்போது சிரிப்பு எழும் இடங்களைக் கவனியுங்கள். அவரைப் பார்த்துச் சிரிக்கிறார்களா, அவரோடு சேர்ந்து சிரிக்கிறார்களா? வந்தேறிகளான நமக்கு இரண்டுக்கும் உள்ள வேறுபாடு சின்ன விஷயமில்லை.