கண்ணில் படாத மழை: காவிரிக் கரையில் ஆடிப்பெருக்கு

காவிரி டெல்டாவுக்கு ஆண்டு மழையின் பெரும்பங்கை ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் வீசும் வடகிழக்குப் பருவக்காற்றே கொண்டுவருகிறது. ஆயினும் அங்கே நெல் விதைப்பு அதற்கு மூன்று, நான்கு மாதங்கள் முன்னதாகவே, வெயில் தணியாத ஆனி, ஆடி மாதங்களில் தொடங்கிவிடுகிறது. வானம் வெறிதாய் இருக்கும் அந்நாள்களில் வயலுக்கு வரும் நீர், ஏறத்தாழ 800 கிலோமீட்டர் நீளமுள்ள ஆற்றின் மறுமுனையில், குடகு மலையில், தென்மேற்குப் பருவக்காற்றால் பெய்த மழையின் நீராகும். தஞ்சை உழவர் அந்த மழையைக் கண்டதில்லை; ஆற்றில் செந்நிறக் கலங்கல் இறங்குவதையும் படித்துறையின் படிகள் ஒவ்வொன்றாக மறைவதையும் கொண்டே மலையில் மழை பெய்ததை அறிந்தனர். தம் கண்ணில் படாத மழையை நம்பி நாற்றங்கால் விட்ட ஒரு மக்கள் கூட்டம் அந்த நம்பிக்கைக்கு எடுத்த விழாவே ஆடி மாதம் 18-ஆம் நாள் கொண்டாடப்படும் ஆடிப்பெருக்கு.

ஆகஸ்ட் 2 அல்லது 3-ஆம் தேதியை ஒட்டி வரும் இந்நாளைப் பதினெட்டாம் பெருக்கு என்றும் வழங்குவர். பதினெட்டு என்ற எண்ணுக்குப் படித்துறையின் பதினெட்டுப் படிகளும் மூழ்கும் நாள் என்பது முதல் பாரதப் போரின் பதினெட்டு நாள்கள் என்பது வரை பல விளக்கங்கள் சொல்லப்படுகின்றன. அவற்றுள் எதுவும் விழாவின் வேரைத் தொடுவதாகத் தெரியவில்லை. ‘ஆடிப்பட்டம் தேடி விதை’ என்ற பழமொழியே அதற்கு நெருக்கமானது. பட்டம் என்பது ஒரு பயிரை விதைப்பதற்குரிய பருவம். அணைகள் எழாத காலத்தில் ஆற்றின் இயல்பான பெருக்கும், ஐந்து, ஆறு மாதம் நின்று விளையும் சம்பா நெல்லுக்கான விதைப்பும் ஒன்றையொன்று தொட்ட பருவம் ஆடியின் நடுப்பகுதியே ஆகும்.

ஆற்றில் புதுநீர் வருவதைக் கொண்டாடும் வழக்கம் தமிழில் மிகப் பழையது. சங்க இலக்கியம் அதனைப் புதுப்புனல் விழா, நீராட்டு என்னும் பெயர்களால் குறிக்கிறது. பரிபாடல் தொகுப்பில் இன்று முழுமையாகக் கிடைக்கும் 22 பாடல்களில் 8 பாடல்கள் வையை ஆற்றைப் பற்றியவை. தெய்வங்களைப் பாடிய ஒரு நூலில் ஓர் ஆற்றுக்கு இத்தனை இடம் தரப்பட்டிருப்பது, அந்தத் தலைமுறை ஆற்றை எங்கே வைத்து எண்ணியது என்பதைக் காட்டும். வெள்ளிக்கோள் நிலை மாறி வானம் பொய்த்தாலும் காவிரி பொய்யாது என்ற நம்பிக்கையைப் பட்டினப்பாலை தன் தொடக்கத்திலேயே பதிவு செய்கிறது. குடகு மழைக்கும் சோழநாட்டு மழைக்கும் உள்ள வேறுபாட்டைப் பட்டறிவால் உணர்ந்தவர்களின் நம்பிக்கையாக இதனைப் படிக்க இடமுண்டு.

அந்த நம்பிக்கையில் அச்சமும் கலந்தே இருந்தது. காவிரிக் கரையிலிருந்த கழார் என்னும் ஊரில், சோழ மன்னன் கரிகாலன் தன் சுற்றத்தோடு அமர்ந்து காண நடந்த நீர்விழாவில் ஆடிய ஆட்டனத்தியை வெள்ளம் இழுத்துச் சென்றதையும், அவன் மனைவி ஆதிமந்தி கண்ணீரோடு அவனைத் தேடி அலைந்ததையும் அகநானூற்றுப் பாடல்களில் பரணர் குறிப்பிடுகிறார். சிலப்பதிகாரத்திலும் கண்ணகியின் வாய்மொழியாக ஆதிமந்தியின் கதை இடம்பெறுகிறது. பழைய நீர்விழாவைப் பற்றிப் பேசும்போது ஆட்டத்தையும் பாட்டையும் மட்டும் எடுத்துக்கொண்டு ஆதிமந்தியை விட்டுவிடுவது முறையாகாது. வளத்தைத் தரும் நீரே உயிரையும் கொள்ளும் என்பதை நன்கறிந்தவர்கள்தாம் ஆற்றங்கரைக்கு மஞ்சளும் பூவும் கொண்டு சென்றார்கள்.

இன்று வழக்கில் உள்ள சடங்குகள் ஆற்றைக் கருவுற்ற பெண்ணாகக் கொள்கின்றன. பெருகி வரும் காவிரிக்கு மசக்கை என்பது நம்பிக்கை; கருவுற்ற மகளுக்கு வாய்க்கு ருசியாகச் சமைத்துத் தருவதைப் போலவே புளியோதரை, எலுமிச்சைச் சோறு, தேங்காய்ச் சோறு, தயிர்ச்சோறு எனச் சித்திரான்னங்கள் ஆக்கிக் கரைக்கு எடுத்துச் செல்லப்படுகின்றன. ஊறவைத்த பச்சரிசியில் வெல்லம் சேர்த்துப் பிசையும் காப்பரிசி படைக்கப்படுகிறது. பனையோலையைச் சுருட்டிச் செய்யும் காதணியும் கருநிற மணியும் சேர்ந்த ‘காதோலை கருகமணி’ மஞ்சள் கயிற்றோடு ஆற்றில் விடப்படுகிறது. பெண்கள் புது மஞ்சள் கயிற்றில் தாலியை மாற்றிக் கோத்துக்கொள்கின்றனர்; தாலி பெருக்கிப் போடுதல் என்று இதற்குப் பெயர். புதுமணத் தம்பதியர் வாடிப்போன தம் மணமாலையைப் பத்திரப்படுத்தி வைத்திருந்து அன்று வெள்ளத்தில் விடுவர். சிறுவர்கள் மரத்தால் செய்த சிறு சப்பரங்களைத் தெருவில் இழுத்துச் செல்வர். திருவரங்கத்தில் நம்பெருமாளே ஆடி மாதத்தில் அம்மா மண்டபப் படித்துறைக்கு எழுந்தருள, அவர் சார்பில் காவிரித்தாய்க்குச் சீர்வரிசை ஆற்றில் விடப்படுகிறது. இவற்றில் பெரும்பாலானவற்றுக்குப் புரோகிதர் தேவையில்லை. வீட்டுப் பெண்கள், வீட்டுச் சமையல், வீட்டு மஞ்சள் ஆகியவற்றைக் கொண்டே விழா முழுமை பெறுகிறது.

இச்சடங்குகளுள் வரலாற்று நோக்கில் மிகவும் கவனிக்கத்தக்கது முளைப்பாரி. விழாவுக்குச் சில நாள்கள் முன்பாக நெல், உளுந்து, பாசிப்பயறு, மொச்சை, கொள்ளு முதலிய தானியங்களை ஊறவைத்து, மண்ணும் எருவும் நிரப்பிய சட்டியில் தூவி, வெயில் படாத அறையில் வைத்து நீர் தெளித்து வளர்ப்பர். ஒளி படாததால் வெளிர்மஞ்சள் நிறத்தில் நீண்டு எழும் அந்த முளைகளை விழா நாளில் பெண்கள் தலையில் சுமந்து சென்று ஆற்றில் கரைப்பர். கோயில் திருவிழாக்களின் தொடக்கத்தில் ஆகம முறைப்படி செய்யப்படும் அங்குரார்ப்பணமும், திருமணத்தில் இடம்பெறும் பாலிகையும் இதன் உறவினங்களே. விதைநெல்லைக் குதிரிலும் வைக்கோற்புரி சுற்றிய கோட்டையிலும் வைத்து அந்துப்பூச்சியிலிருந்து காத்து வந்த குடும்பங்களுக்கு, அந்த விதை இவ்வாண்டு முளைக்குமா என்பது வாழ்வா சாவா என்ற கேள்வி. வயலில் நாற்று விடுவதற்கு முன் சட்டியில் முளையைக் கண்டுகொள்ளும் இந்த வழக்கம் வழிபாடாகவும் விதைத் தேர்வாகவும் ஒருசேர இருந்தது எனக் கருதுவது பொருந்தும். சட்டி நிறைய முளை எழுந்தால் ஊர் செழிக்கும் என்று பெண்கள் சொல்வது வெறும் நல்வாக்கு அன்று. அந்தச் சொல்லுக்குப் பின்னால் குதிரிலிருக்கும் விதையின் நிலையும் அடங்கியிருந்தது.

நம்பிக்கைக்கு ஈடான உழைப்பும் இருந்தது. புதுநீர் வருவதற்கு முன் கோடையில் ஊரார் ஒன்றுகூடி வாய்க்கால்களின் வண்டலை வெட்டி, கரைகளை உயர்த்திக் கட்டினர். குடிமராமத்து என்னும் இந்தக் கூட்டுப்பணியைச் சென்னை மாகாண அரசு 1858-இல் சட்டத்துக்குள் கொண்டுவந்தது. அதற்கு முன்னரே ஆற்றின் போக்கு அரசின் கவலையாகிவிட்டது. திருச்சிக்கு மேற்கே முக்கொம்பில் காவிரியிலிருந்து பிரியும் கொள்ளிடம் தாழ்ந்த படுகையுடையதாதலால் நீர் பெரும்பாலும் அதன் வழியே கடலுக்குச் சென்று, காவிரிக் கிளை மணலால் தூர்ந்துவந்தது; கரிகாலன் பெயரோடு இணைத்துச் சொல்லப்படும் கல்லணையின் அமைப்பை ஆராய்ந்த பொறியாளர் ஆர்தர் காட்டன், 1836-இல் கொள்ளிடத்தின் தலைப்பில் மேலணையைக் கட்டி நீரைக் காவிரிப்பக்கம் திருப்பினார். ஆயினும் வெள்ளத்தை முழுவதும் அடக்கும் ஆற்றல் அந்த அணைக்கு இல்லை. 1924 ஜூலையில், அதாவது ஆடிப்பெருக்கு நெருங்கும் நாள்களில் வந்த பெருவெள்ளம் கரையோர ஊர்களைச் சூறையாடியது.

மறு ஆண்டில், 1925-இல் பணி தொடங்கி 1934-இல் நிறைவுற்ற மேட்டூர் அணை, விழாவின் அடிப்படையையே மாற்றியது. 120 அடி நீர்மட்டத்தில் 93.47 டி.எம்.சி. நீரைத் தேக்கும் அந்த அணைக்குப் பிறகு (ஒரு டி.எம்.சி. என்பது நூறு கோடி கன அடி), டெல்டாவுக்குப் புதுநீர் வரும் நாள் மலைமழையை மட்டும் பொறுத்ததாக இல்லை; ஜூன் 12 என்று நாள் குறித்து மதகு திறக்கும் வழக்கம் நிலைபெற்றது. குறுகிய காலத்தில் விளையும் குறுவை நெல்லுக்கு உறுதியான நீர் கிடைத்தது. வெள்ள அச்சமும் பெரிதும் குறைந்தது. ஆனால் பெருக்கு என்ற சொல் குறித்த காட்சி, படிப்படியாக ஏறிவரும் அந்தக் கலங்கல் நீர், பல ஆண்டுகளில் காணக் கிடைக்காமல் போயிற்று. 1950 முதல் 1954 வரை தொடராக வெளிவந்த கல்கியின் ‘பொன்னியின் செல்வன்’ ஆடிப்பெருக்கு நாளில் வீரநாராயண ஏரிக்கரையில் தொடங்குவதும், இன்றைய வாசகர் பலரின் மனத்தில் அந்தக் கரைபுரளும் ஏரியே ஆடிப்பெருக்கின் படமாய் நிலைத்திருப்பதும் இந்தப் பின்னணியில் எண்ணத்தக்கன. அணைக்கு முந்திய நீரின் நினைவைக் காத்ததில் அந்தப் புதினத்துக்குப் பெரும் பங்குண்டு.

மேட்டூருக்கு மேலேயும் அணைகள் எழுந்தன. 1911-இல் பணி தொடங்கிய கிருஷ்ணராஜசாகர் முதலாக ஒவ்வோர் அணையும் குடகு மழைக்கும் தஞ்சை வயலுக்கும் இடையில் ஒரு முடிவெடுக்கும் இடத்தைச் சேர்த்தது. காவிரி நீர்ப் பங்கீடு குறித்த 1924-ஆம் ஆண்டு சென்னை, மைசூர் ஒப்பந்தம், 1990-இல் அமைந்த நடுவர் மன்றம், அதன் 2007 இறுதித் தீர்ப்பு, தமிழகத்துக்கு ஆண்டுக்கு 177.25 டி.எம்.சி. என்று வரையறுத்த 2018-ஆம் ஆண்டு உச்சநீதிமன்றத் தீர்ப்பு என நீளும் வரலாற்றில், கடைமடை உழவர் (வாய்க்காலின் கடைசி மதகில் நீர் பெறுபவர்) பார்க்க வேண்டிய வானமே இடம் மாறிவிட்டது. முன்பு கலங்கலைப் பார்த்தவர்கள் இப்போது நாளிதழில் மேட்டூர் நீர்மட்டத்தைப் பார்க்கின்றனர். மேட்டூரில் திறந்த நீர் கல்லணைக்கு வர ஏறத்தாழ மூன்று நாள்களும், கடைமடையைத் தொட அதைவிடப் பல நாள்களும் ஆகும் என்ற கணக்கு அவர்களுக்கு மனப்பாடம்.

நீர் இல்லாத ஆண்டுகளில் ஆடிப்பெருக்குக்காகவே மேட்டூரிலிருந்து நீர் திறந்துவிடப்பட்டதுண்டு; அதுவும் இயலாதபோது படித்துறைகளில் ஆழ்துளைக் கிணற்று நீரைக் குழாய்களில் விட்டு நீராட வழிசெய்தனர். ஆற்று மணலில் ஊற்றுத் தோண்டி, சுரந்த நீரின் அருகே வாழையிலை விரித்து மஞ்சள் பிள்ளையார் பிடித்து வைத்தவர்களும், ஊர் அடிபம்பின் முன் படையலிட்டுக் காதோலை கருகமணி வைத்தவர்களும் உண்டு. அந்த ஆண்டுகளிலும் தானியங்கள் சில நாள்கள் முன்னதாகவே ஊறவைக்கப்பட்டன. ஆறு வருமா என்று தெரிவதற்கு முன்பே இருட்டறைச் சட்டிகளில் முளை விட்டிருந்தது.