நெட்டையரைத் தடுக்கப் போட்ட சட்டம் குட்டையருக்குக் கேடயமான கதை

 

போன கிழமை பயிற்சி முடிந்ததும் பிள்ளையொருத்தி வந்து, "சேர், என்ட பேரை வெட்டிவிடுங்க. வலய மட்டத்துக்கு வாற பிள்ளைகள் எல்லாம் நெட்டை. எங்களால ஏலாது" என்றாள். அந்த நேரம் நாம் சரியான பதில் சொல்லவில்லை. யோசித்துப் பார்த்தால் பதில் வரலாற்றில் இருக்கிறது. நாயாற்றுப் பெற்றோரும் வாசிக்கட்டும் என்று இங்கே எழுதுகிறோம்.

1891 டிசம்பர். அமெரிக்காவின் ஸ்பிரிங்ஃபீல்ட் நகரில் ஜேம்ஸ் நெய்ஸ்மித் என்ற உடற்கல்வி ஆசிரியர், குளிரில் உள்ளே அடைபட்ட மாணவர்களுக்காக இரண்டு பழக்கூடைகளை மண்டபத்தின் மேல்மாடக் கைப்பிடியில் அடித்தார். அந்தக் கைப்பிடி 10 அடி உயரத்தில் இருந்தது. அவ்வளவுதான் காரணம். இன்றும் கூடைப்பந்திலும் நம் பிள்ளைகள் ஆடும் வலைப்பந்திலும் வளையம் அதே 10 அடியில், அதாவது 3.05 மீற்றரில்தான் நிற்கிறது.

கூடை அப்படியே இருக்க, ஆட்கள் வளர்ந்தார்கள். 1940களில் ஜோர்ஜ் மைக்கன் என்ற 208 சென்ரிமீற்றர் மனிதர் வளையத்தடியில் நின்று, உள்ளே விழப்போகும் பந்துகளைத் தட்டிவிட்டார். 1944இல் அமெரிக்கக் கல்லூரி ஆட்டத்தில் சட்டம் வந்தது: வளையத்தை நோக்கி இறங்கும் பந்தைத் தடுப்பவர் தொடக்கூடாது. 1951இல் என்.பி.ஏ., வளையத்தடிப் பகுதியின் அகலத்தை 6 அடியிலிருந்து 12 அடியாக்கியது. நெட்டையர் அங்கேயே குடியிருக்க முடியாமல் போனது.

1967இல் பந்தை மேலிருந்து வளையத்துக்குள் அடித்துப் போடுவதையும் கல்லூரி ஆட்டத்தில் தடை செய்தார்கள். அப்போது ஆடிய 7 அடி 2 அங்குல மாணவர் சோர்ந்துவிடவில்லை. தடுப்பவருக்கும் பந்துக்கும் நடுவே தன் உடம்பை வைத்து, ஒற்றைக் கையால் தலைக்கு மேலாக வளைத்துப் போடும் எறிதலைத் தீட்டினார். அவர்தான் 1971இல் கரீம் அப்துல் ஜப்பார் என்று பெயர் மாற்றிக்கொண்டவர். அவர் எடுத்த 38,387 புள்ளிகளை 2023 வரை எவரும் தாண்டவில்லை. உயரமானவருக்கும் உயரம் மட்டும் போதவில்லை என்பதைக் கவனியுங்கள்.

இனி குட்டையர் கதை. மக்ஸி போக்ஸ் 160 சென்ரிமீற்றர்தான். நம் ஊர் உயரம். 1987 முதல் 14 பருவங்கள் என்.பி.ஏ.யில் ஆடினார். இப்படிப்பட்டவர்கள் நெட்டையரிடம் எப்படித் தப்புகிறார்கள்? மூன்று வழிகள். தடுப்பவர் எழும்ப முன்னமே பந்தை உயரமாக வளைத்து விடுவது. இறங்கத் தொடங்கிய பந்தை அவர் தொட ஏலாது. பின்பலகையில் பட வைப்பது. பலகையில் பட்டுக் கூடைக்குப் போகும் பந்தையும் தொட ஏலாது. வளையத்தின் கீழாக ஓடி மறுபக்கம் போடுவது. வளையமும் வலையுமே தடுப்பவரின் கையை மறிக்கும். மைக்கனுக்கு எதிராக எழுதிய சட்டம் கடைசியில் சின்னவர்களுக்குக் கேடயமானது.

வலைப்பந்தில் பலகை இல்லை. ஆனால் தடுப்பவர் எறிபவரின் காலிலிருந்து 3 அடி தள்ளி நிற்க வேண்டும். அந்த 3 அடிதான் நம் பிள்ளைகளின் சொத்து. கையை உயர்த்தி, முழங்காலை மடித்து, பந்தை மேல்நோக்கி விடப் பழகினால் போதும்.

நமக்கும் ஒரு நெட்டை உண்டு. யாழ்ப்பாணத்து தர்ஜினி சிவலிங்கம், மைக்கனின் அதே 208 சென்ரிமீற்றர். 2009இலும் 2018இலும் ஆசியக் கிண்ணம் வென்ற இலங்கை அணியில் அவர் இருந்தார். ஆனால் அவர் கைக்குப் பந்தைக் கொண்டுபோய்ச் சேர்த்தவர்கள் அவரைவிடக் குட்டையானவர்கள்தான்.

அந்தப் பிள்ளையின் பேரை நாம் வெட்டவில்லை. பெற்றோரே, பின்னேரம் நாலு மணிக்குப் பிள்ளைகளை அனுப்பிவையுங்கள். மஃரிபுக்கு முன் வீட்டில் இருப்பார்கள், இன்ஷா அல்லாஹ். உயரம் அல்லாஹ் தந்தது. பயிற்சி நாம் கொடுக்க வேண்டியது.