நாயின் இடுப்பு மூட்டு: ஒரு எக்ஸ்-ரே படத்தின் வரலாறு

எங்கள் அடுக்ககத்தில் மூன்றாவது மாடியில் ஒரு லாப்ரடார் குட்டி இருக்கிறது. அப்போது அதற்கு ஏழு மாசம். ஓடும்போது பின்னங்கால் இரண்டையும் சேர்த்து வைத்து முயல் மாதிரி தாவித் தாவி ஓடும். கீழே விளையாடும் பசங்களுக்கு அது ஒரு வேடிக்கை. ஒருநாள் படியேற மாட்டேன் என்று உட்கார்ந்துகொண்டது. கால்நடை மருத்துவமனையில் எக்ஸ்-ரே எடுத்தார்கள். ஹிப் டிஸ்பிளேசியா என்றார்கள், அதாவது இடுப்பு மூட்டு ஒழுங்காக உருவாகாத கோளாறு.

வீட்டுக்காரர் அந்தப் படத்தோடு என்னிடம் வந்தார். நான் டாக்டர் இல்லை, சாஃப்ட்வேர் ஆள். பழைய ஆய்வுக் கட்டுரைகளைத் தேடிப் படிக்கிற கிறுக்கு உண்டு, அவ்வளவுதான். அவர் கேட்டது இரண்டே கேள்வி. "சார், இது பிறவியிலேயே இப்படித்தானா? கருணைக்கொலை பண்ணிடுங்கன்னு சொந்தக்காரங்க சொல்றாங்க, வேற வழியே இல்லையா?"

இரண்டு கேள்விக்கும் பதில் தேடப்போய், கடைசியில் ஒரு வரலாற்றில் வந்து நின்றேன். இந்த இரண்டு கேள்வியையும் கால்நடை மருத்துவமே முப்பது, நாற்பது வருஷம் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறது. முதலில் சொன்ன பதில்கள் தப்பு என்று பிறகு தெரிந்திருக்கிறது.

கதை பாஸ்டனில் தொடங்குகிறது. அங்கே ஏஞ்சல் மெமோரியல் விலங்கு மருத்துவமனையில் வேலை பார்த்த ஜெரி ஷ்னெல் என்ற கால்நடை மருத்துவர், 1935-ல் நாய்களில் காணும் சில புது நோய்களைப் பற்றி எழுதும்போது இதையும் குறிப்பிட்டார். நாய்க்கு எக்ஸ்-ரே எடுப்பதே அப்போது புதுசு. அபூர்வமான ஒன்று என்றுதான் அவரும் நினைத்தார். 1937-ல் எழுதிய கட்டுரையில் 'பிறவி' மூட்டு விலகல் என்றே பெயர் வைத்தார். மனிதக் குழந்தைகளுக்கு இதே மாதிரி ஒரு பிறவிக் கோளாறு உண்டு என்பது முன்பே தெரிந்த விஷயம். அங்கிருந்த பெயரை இங்கே ஒட்டினார்கள்.

(சுவாரஸ்யமான தற்செயல்: அதே 1937-ல்தான் இத்தாலியின் மாரினோ ஒர்த்தொலானி என்ற குழந்தை மருத்துவர், கைக்குழந்தையின் தொடையை மெல்ல விரித்தால் விலகிய மூட்டு 'டக்'கென்று உள்ளே விழுவதைக் கண்டறியும் பரிசோதனையை எழுதினார். இன்றைக்கு நாய்க்குட்டியை மேசையில் படுக்க வைத்து வெட் செய்வதும் அதே பரிசோதனைதான். பெயரும் அதேதான்.)

எக்ஸ்-ரே பரவப் பரவ 'அபூர்வம்' என்ற பேச்சு போய்விட்டது. ஜெர்மன் ஷெப்பர்டு, லாப்ரடார், கோல்டன் ரெட்ரீவர், ராட்வெய்லர், செயின்ட் பெர்னார்டு என்று பெரிய ஜாதி நாய்களில் எல்லாம் கண்ணில் படத் தொடங்கியது. ஆனால் 'பிறவி' என்ற சொல் மட்டும் ஒட்டிக்கொண்டு போகவே இல்லை.

அதை அசைத்தவர் வேய்ன் ரைசர். 1960-களில் குட்டிகளைப் பிறந்ததிலிருந்து தொடர்ந்து பார்த்தவர்கள் சொன்னது இது: பிறக்கும்போது மூட்டு சரியாகவே இருக்கிறது. பிறகுதான் கெடுகிறது, அதுவும் முதல் சில வாரங்களிலேயே மாற்றம் தொடங்கிவிடுகிறது.

எப்படிக் கெடுகிறது? இடுப்பு மூட்டு என்பது கிண்ணத்துக்குள் பந்து. தொடை எலும்பின் தலை பந்து, இடுப்பெலும்பில் உள்ள குழி கிண்ணம். குட்டியில் இரண்டும் பாதி குருத்தெலும்பு, பாதி எலும்பு. களிமண் மாதிரி, எப்படி அழுத்தம் விழுகிறதோ அப்படி வடிவம் எடுக்கும். பந்து கிண்ணத்தின் நடுவில் உட்கார்ந்திருந்தால் கிண்ணம் ஆழமாக வளரும். மூட்டைப் பிடித்திருக்கும் உறையும் தசையும் தளர்வாக இருந்தால், ஒவ்வொரு அடிக்கும் பந்து நழுவிக் கிண்ணத்தின் விளிம்பில் ஏறும். விளிம்பு தேயும், கிண்ணம் தட்டையாகும், பந்தும் தன் உருண்டை வடிவத்தை இழக்கும். பிறகு ஆயுசுக்கும் மூட்டுத் தேய்மானம்.

1964-ல் ரைசரும் கூட இருந்தவர்களும் ஜெர்மன் ஷெப்பர்டு குட்டிகளை வைத்து இன்னொன்றையும் எழுதினார்கள். வேகமாக வளர்ந்து சீக்கிரம் எடை போடும் குட்டிகளிடம் இந்தக் கோளாறு அதிகம். எலும்பு வளரும் வேகத்துக்குத் தசை ஈடுகொடுக்க முடியவில்லை என்பது அவருடைய விளக்கம். கொழுகொழு குட்டிதான் நல்ல குட்டி என்று நம்பிய பிரீடர்களுக்கு இது பிடித்திருக்காது.

நடுவே ஒரு தவறான பாதையும் உண்டு. அதே 1960-களில் தொடையின் உள்பக்கத்தில் இருக்கும் பெக்டினியஸ் என்ற சின்னத் தசைதான் குற்றவாளி என்று ஒரு கட்சி கிளம்பியது. அதை வெட்டிவிட்டால் நாய் நன்றாக நடந்தது, கொஞ்ச காலத்துக்கு. மூட்டு உள்ளே கெடுவது மட்டும் நிற்கவில்லை. மெல்லக் கைவிட்டார்கள்.

இப்போது ஒரு பணக்காரர் வருகிறார். வின்செஸ்டர் துப்பாக்கி வியாபாரத்தை நடத்திய குடும்பத்தைச் சேர்ந்த ஜான் ஒலின். வேட்டைப் பிரியர். தன் பெயரைத் திருப்பிப் போட்டு 'நைலோ' என்று ஒரு நாய்ப்பண்ணை வைத்திருந்தார். அங்கே இருந்த கிங் பக் என்ற லாப்ரடார் 1952, 1953 என்று அடுத்தடுத்து இரண்டு வருஷம் அமெரிக்க தேசியப் போட்டியில் ஜெயித்த நாய். அதன் படம் 1959-ன் வாத்து வேட்டை முத்திரையில்கூட வந்தது. அப்படிப்பட்டவரின் நாய்களிலேயே இடுப்புக் கோளாறு இருப்பது தெரியவந்தபோது, அவர் ரிட்ரீவர், ஷெப்பர்டு சங்கங்களையும் மருத்துவர்களையும் கூட்டி உட்கார வைத்தார். 1966-ல் உருவானதுதான் ஓஎஃப்ஏ, விலங்குகளின் எலும்பு நோய்களுக்கான அறக்கட்டளை. ரைசர்தான் அதன் முதல் இயக்குநர்.

ஓஎஃப்ஏ செய்தது எளிமையான வேலை. நாயை மல்லாக்கப் படுக்க வைத்து, பின்னங்கால் இரண்டையும் நேராக இழுத்து எக்ஸ்-ரே எடு, அனுப்பு. நிபுணர்கள் பார்த்து ஏழு படிகளில் ஒன்றைத் தருவார்கள், மிகச் சிறப்பு என்பதிலிருந்து மிகக் கடுமை வரை. சான்றிதழுக்கு நாய்க்கு இரண்டு வயது ஆகியிருக்க வேண்டும். நல்ல சான்று உள்ள நாயை மட்டும் இணைசேர்த்தால் சில தலைமுறையில் கோளாறு ஒழியும் என்பது நம்பிக்கை.

என் தொழில் காரணமாக எனக்கு முதலில் உறுத்தியது இந்தத் தரவு சேரும் விதம். படத்தை அனுப்புவது உரிமையாளர் இஷ்டம். உள்ளூர் வெட் படத்தைப் பார்த்ததுமே "இது தேறாது" என்று சொன்னால் யார் காசு கட்டி அனுப்புவார்கள்? 2005-ல் இதைக் கணக்குப் போட்டே பார்த்துவிட்டார்கள். கோல்டன் ரெட்ரீவர், ராட்வெய்லர் இரண்டிலும், நன்றாகத் தெரிந்த படங்கள் மற்றவற்றைவிடப் பல மடங்கு அதிகமாக அனுப்பப்பட்டிருந்தன. கோளாறின் உண்மையான அளவு பதிவேட்டில் இருந்ததைவிட மிக அதிகம்.

எல்லா நாயையும் விடாமல் பார்த்தால் என்ன ஆகும் என்பதற்கும் உதாரணம் இருக்கிறது. அமெரிக்காவில் பார்வையற்றவர்களுக்கு வழிகாட்டி நாய் வளர்க்கும் 'சீயிங் ஐ' நிறுவனம் தன் நாய்களைத் தானே பெருக்கிக்கொள்கிறது, ஒன்றுவிடாமல் சோதிக்கிறது. ஐந்து தலைமுறைக்குள் ஜெர்மன் ஷெப்பர்டுகளில் 55 சதவீதமாக இருந்த கோளாறு 24-க்கும், லாப்ரடார்களில் 30 சதவீதம் 10-க்கும் இறங்கியது. ஆக மரபணுவுக்குப் பெரிய பங்கு உண்டு, தேர்ந்தெடுத்து இணைசேர்த்தால் பலனும் உண்டு. ஒளித்துவைக்காமல் எண்ண வேண்டும், அவ்வளவுதான்.

படம் எடுக்கும் விதத்திலேயே தப்பு இருக்கிறது என்றவர் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தின் கெய்ல் ஸ்மித். கால்நடை மருத்துவரான அவர் உயிரிப்பொறியியலிலும் முனைவர். அதனாலோ என்னவோ, அவர் கேட்டது ஒரு இன்ஜினியர் கேள்வி: எதை அளக்கிறோம்? காலை நீட்டி இழுக்கும்போது மூட்டின் உறை ஈரத்துணியை முறுக்கியது மாதிரி இறுகிப் பந்தை உள்ளே தள்ளிவிடும். நாம் தேடுகிற தளர்வு அந்த நிலையில் மறைந்துபோகும். 1983-ல் அவர் வேறு வழியைத் தொடங்கினார். மயக்க மருந்து கொடுத்து, நாய் நிற்கிற கோணத்திலேயே காலை வைத்து, தொடைகளுக்கு நடுவே ஒரு கருவியைக் கொடுத்து, பந்து எவ்வளவு தூரம் வெளியே வருகிறது என்று அளந்தார். அந்தத் தூரத்தைப் பந்தின் ஆரத்தால் வகுத்தால் ஒரு எண் வரும். 0.3-க்குக் கீழே இருந்தால் பயமில்லை. 0.5, 0.6 என்று ஏற ஏற ஆபத்து கூடும். இதை 16 வாரக் குட்டியிலேயே பார்த்துவிடலாம். பென்ஹிப் என்று இன்று சொல்வது இதைத்தான்.

16 வாரம் என்பது ஏன் முக்கியம்? சில வழிகள் அந்த வயதோடு மூடிவிடுகின்றன. இடுப்பின் கீழ் இணைப்பைச் சுட்டு அதன் வளர்ச்சியை நிறுத்தி, கிண்ணம் தானாகப் பந்தின் மேல் கவிழ்ந்து வளரும்படி செய்யும் சின்ன அறுவை சிகிச்சை ஒன்று உண்டு. நாலு, ஐந்து மாசத்துக்குள் செய்தால்தான் பலன். இடுப்பெலும்பை வெட்டிக் கிண்ணத்தைத் திருப்பிவைப்பது, 1980-களில் பார்க்ளே ஸ்லோகம் பரப்பியது, தேய்மானம் தொடங்கும் முன் செய்ய வேண்டும். அதையும் தாண்டினால் பந்தை எடுத்துவிடுவது அல்லது முழு மூட்டையும் மாற்றுவது. நம் மூன்றாவது மாடிக் குட்டி போல முயல் ஓட்டத்தைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருக்கும்போதே முதல் கதவு மூடிவிடும்.

இனி எனக்கு மிகப் பிடித்த ஆய்வு. 1970-களிலேயே கார்னெல் பல்கலைக்கழகத்தில் கிரேட் டேன் குட்டிகளை வைத்து, அளவில்லாமல் தின்னவிட்டால் எலும்பு எப்படியெல்லாம் கெடுகிறது என்று ஓகே ஹெட்ஹம்மர் குழு காட்டியிருந்தது. பிறகு பியூரினா நிறுவன ஆய்வாளர் ரிச்சர்ட் கீலியின் குழு 48 லாப்ரடார் குட்டிகளை எட்டு வார வயதில் எடுத்து ஜோடி பிரித்தது. ஒரே ஈத்து, ஒரே பால், ஏறக்குறைய ஒரே எடை. ஜோடியில் ஒன்று வேண்டிய மட்டும் தின்னலாம். மற்றதற்கு, ஜோடி தின்றதில் 25 சதவீதம் குறைத்து, அதே தீனி. இரண்டு வயதில் ஓஎஃப்ஏ முறைப்படி படம் பார்த்தபோது வயிறாரத் தின்ற 24-ல் 16 நாய்க்குக் கோளாறு, குறைத்துத் தின்ற 24-ல் 7. 1992-ல் வெளியான முடிவு இது.

ஒரே தாய், ஒரே தகப்பன். மாறியது தட்டில் இருந்த அளவு மட்டும். ஒரே ப்ரோக்ராம், இன்புட் வேறு. அதோடு விடாமல் அந்த நாய்களைச் சாகும்வரை தொடர்ந்தார்கள். 2002-ல் எழுதியபடி, குறைத்துத் தின்றவற்றின் நடு ஆயுள் 13 வருஷம், மற்றவற்றுக்கு 11.2.

கால்சியம் விஷயத்தையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். நம்ம ஊரில் பெரிய ஜாதிக் குட்டி வாங்கிய கையோடு கால்சியம் டானிக்கும் வாங்குவது வழக்கம். நெதர்லாந்தின் உட்ரெக்ட்டில் ஹாசெவிங்கல் குழு 1985-ல் கிரேட் டேன் குட்டிகளுக்கு அதிகக் கால்சியம் கொடுத்துப் பார்த்தது. வேண்டாததைக் குடலில் தடுத்து வெளியே தள்ளும் திறமை குட்டிக்கு இல்லை, எலும்பு வளர்ச்சி கெட்டது. நல்ல குட்டித் தீனி தின்னும் நாய்க்கு மேற்கொண்டு டானிக் ஊற்றுவது உதவி இல்லை.

சரி, அந்த இரண்டாவது கேள்வி. பிரிட்டனில் பிரிஸ்டலில் பார், டென்னி, கிப்ஸ் ஆகிய மூவரும் 1987-ல், வளரும் வயதில் இடுப்பு வலியோடு வந்த நாய்களை அறுவை சிகிச்சை இல்லாமல் பார்த்துக்கொண்டு, வருஷங்கள் கழித்து என்ன ஆயின என்று எழுதினார்கள். ஓய்வு, அளவான நடை, எடைக் கட்டுப்பாடு, இவ்வளவுதான் வைத்தியம். சுமார் முக்கால்வாசி நாய்கள் பெரிய குறை இல்லாமல் நடந்துகொண்டிருந்தன. படத்தில் தேய்மானம் தெரியத்தான் செய்தது. காரணம் புரியக்கூடியதே. குட்டியில் வலிப்பது, உறை இழுபடுவதாலும் கிண்ணத்தின் விளிம்பில் நுண்ணிய முறிவுகள் விழுவதாலும். ஒரு வயதை ஒட்டி உறை தடித்து மூட்டு ஓரளவு நிலைப்படும், வலி தணியும். பிறகு வயசான காலத்தில் தேய்மானத்தின் வலி வரலாம், அது வேறு அத்தியாயம். அதனால் எட்டு மாசத்துப் படத்தை வைத்து மட்டும் ஒரு நாயின் உயிரை முடிவு செய்வதை என்னால் ஒப்புக்கொள்ள முடியவில்லை. வலி தாங்காத, எதற்கும் வழிக்கு வராத நாய்களும் இருக்கின்றன. அவற்றைப் பார்த்துச் சொல்ல வேண்டியது மருத்துவர்தான், படம் இல்லை.

2012-ல் நார்வேயில் ஐந்நூறு நாய்களைப் போலப் பிறந்ததிலிருந்து தொடர்ந்த ஆய்வு இன்னொரு நுணுக்கத்தைச் சேர்த்தது. மூன்று மாசத்துக்குள் படிக்கட்டு ஏறி இறங்கிய குட்டிகளுக்கு ஆபத்து கூடுதல். புல்தரையில், தோட்டத்தில் கயிறில்லாமல் சுற்றித் திரிந்தவற்றுக்குக் குறைவு.

மூன்றாவது மாடிக்காரரிடம் இதையெல்லாம் சுருக்கமாகத்தான் சொன்னேன். வெட்டிடம் காட்டாமல் நம்ம வீட்டு வலி மாத்திரை எதையும் கொடுக்காதீர்கள், ஐபுப்ரூஃபென் நாய்க்கு விஷம் என்பதை மட்டும் இரண்டு முறை சொன்னேன். வெட் வலிக்கு மருந்து எழுதித் தந்து, தீனியை அளந்து போடச் சொன்னார். வீட்டில் வழவழ டைல்ஸ் மேல் பழைய கோரைப்பாய்களை விரித்தார்கள். தாவிக் குதிப்பது நின்றது, கயிறு கட்டி தினம் இரண்டு வேளை மெதுவான நடை. குட்டி பசி பசி என்று தட்டைத் தூக்கிக்கொண்டு வருவதைப் பார்க்க முடியவில்லை என்று அந்த வீட்டுப் பாட்டிக்கு ரொம்ப வருத்தம். தோசையைக் கண்ணில் காட்டாமல் அடுப்படிக் கதவைச் சாத்தி வைக்கிறார்களாம்.

இப்போது அதற்கு ஒன்றரை வயது. லிஃப்டில் இறங்கி வருகிறது. காலையில் எழுந்ததும் பத்துப் பதினைந்து அடி கொஞ்சம் விறைப்பாக நடக்கிறது, பிறகு சரியாகிவிடுகிறது.