ஏஜியன் தீவுக் கிராமங்களில் இசையும் ஆடலும் விழாவும்

ஒரு நாட்டின் வரலாற்றை எழுதப் புகுவோர் கல்வெட்டுக்களையும் செப்பேடுகளையும் அரசாங்க ஏடுகளையும் நாடுதல் வழக்கம். அவற்றிலே மன்னர்தம் போர்களும் உடன்படிக்கைகளும் வரிகளும் காணப்படும். வயலை உழுதவனும் கடலில் மூழ்கியவனும் தம் வாழ்வைப்பற்றி என்ன நினைத்தனர் என்பது பெரும்பாலும் அவற்றிற் காணப்படாது. அவர்கள் எழுதிவைத்திலர், பாடிவைத்தனர், ஆடிவைத்தனர். பண்டைத் தமிழர் கிரேக்கர் முதலிய மேனாட்டாரை யவனர் என வழங்கினர். அக்கிரேக்கரது நாட்டிலே, ஏஜியன் கடலிற் சிதறிக் கிடக்கும் தீவுகளின் கிராமங்கள் மேற்கூறிய உண்மைக்குச் சிறந்த சான்றாக விளங்குகின்றன. அக்கிராமங்களின் விழாக்கள் வெறும் பொழுதுபோக்கல்ல. ஊரார் தம் உடைமையையும் துயரையும் பிரிவையும் பதிந்துவைத்த ஏடுகளே அவை. அவ்வேடுகளை ஒருவாறு படித்துக் காட்டுதலே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

இத்தீவுகள் பல ஆட்சிகளைக் கண்டவை. பைசாந்தியப் பேரரசு, வெனிசு நகர வணிகர், துருக்கிய சுல்தான்கள், இத்தாலியர் என ஆண்டோர் மாறிக்கொண்டே வந்தனர். ஒவ்வொரு மாற்றமும் மக்களது இசையிலே தன் சுவட்டைப் பதித்துச் சென்றது. தீவு மக்கள் கைகோத்து வட்டமாக ஆடும் ஆடல்களுள் முதன்மையானது சிர்த்தோஸ். இப்பெயர் மிகப் பழையது. கிரேக்கப் பெருநிலத்திலுள்ள பியோத்தியாவிற் கிடைத்த கி. பி. முதலாம் நூற்றாண்டுக் கல்வெட்டொன்று, சிர்த்தோஸ் என்னும் ஆடலை அக்காலத்திலேயே முன்னோர் வழிவந்த ஆடல் எனக் கூறுகின்றது. இருவர் எதிரெதிரே நின்று ஆடும் பாலோஸ் என்பதன் பெயரோ இத்தாலிய மொழியிலிருந்து வந்தது. கர்சிலமாஸ் என்பது துருக்கியச் சொல்லின் திரிபு. ஓர் இரவின் விழாவிலே இம்மூன்றும் அடுத்தடுத்து ஆடப்பெறும்போது, ஈராயிரம் ஆண்டு வரலாறு அம்முற்றத்திலே ஒருங்கே சுழல்கின்றது எனலாம்.

ஈண்டு ஓர் எச்சரிக்கை வேண்டப்படும். பெயர் ஒன்றாயிருத்தலாற் பொருளும் ஒன்றே எனக் கொள்ளுதல் தவறாகும். கிறீற், கார்பதொஸ், காசொஸ் ஆகிய தீவுகளில் இன்று லீரா எனப்படும் கருவி, பேரிக்காய் போன்ற வடிவும் மூன்று நரம்புகளும் உடையது. முழந்தாளின்மேல் நிமிர்த்தி வைத்து வில்லால் இசைக்கப்படுவது. பண்டைக் கிரேக்கரது லீராவோ விரலாலும் மீட்டுகோலாலும் மீட்டப்பட்ட வேறொரு கருவியாகும். வில்லால் இசைக்கும் லீராவைப் பைசாந்தியர் வைத்திருந்தனர் என ஒன்பதாம் நூற்றாண்டிற் பாரசீகப் புவியியலறிஞர் இபின் குர்தாத்பிகு குறித்துள்ளார். எனவே, இன்றைய கருவியின் மூதாதையை ஓமரின் காலத்திலன்றிப் பைசாந்தியர் காலத்திலேயே தேடுதல் வேண்டும்.

இதனை வற்புறுத்தற்குக் காரணம் உண்டு. 1830ஆம் ஆண்டிலே பல்மரையர் என்னும் செருமானிய அறிஞர், இக்காலக் கிரேக்கரிடம் பண்டைக் கிரேக்கரின் குருதி ஒரு துளியேனும் இல்லை என வாதிட்டார். புதிதாக விடுதலை பெற்றெழுந்த ஒரு நாட்டுக்கு இது பெரும் அவமதிப்பாகத் தோன்றியது. நிக்கொலாஓஸ் பொலித்திஸ் முதலிய அறிஞர்கள் நாட்டார் பாடல்களையும் வழக்கங்களையும் தொகுத்து, பழமையின் தொடர்ச்சியை நிலைநாட்ட முயன்றனர். 1908ஆம் ஆண்டிலே கிரேக்க நாட்டார் வழக்காற்றுக் கழகமும் நிறுவப்பட்டது. அம்முயற்சியாற் பல பாடல்கள் அழியாது காக்கப்பட்டன. எனினும் பழமையைத் தேடிய கண்களுக்கு நிகழ்கால மக்களின் பாடு முழுமையாகப் புலப்பட்டிலது. அதனைக் காண வேண்டுமாயின் ஒரு கிராமத்துட் புகுந்து நோக்குதல் நன்று.

கிறீற்றுக்கும் ரோட்ஸ் தீவுக்கும் இடையே கிடப்பது கார்பதொஸ். அதன் வடபால், மலைமுகட்டிலே ஒலிம்பொஸ் என்னும் கிராமம் அமைந்துள்ளது. நெடுங்காலம் நல்ல பாதையின்றித் தனித்துக் கிடந்த ஊர் அது. அங்குள்ள வழக்கப்படி தாயின் உடைமை மூத்த மகளுக்கும், தந்தையின் உடைமை மூத்த மகனுக்கும் சென்றது. இளையோர் பெரும்பாலும் வெறுங்கையராய் நின்றனர். மூத்த மகளைக் கனக்கரா என்பர். விழாவன்று அவள் பொற்காசுகளைக் கோத்து மார்பிலே அணிந்து ஆடவருவாள். அக்காசுகள் வெறும் அணிகலன்கள் அல்ல. இவளுக்கு உரிய வீடும் நிலமும் எத்தகையன என ஊரறியச் செய்யும் அறிவித்தலே அவை. ஆடலின் வட்டமோ மணப்பேச்சின் முதற்படியாயிற்று. எவர் கையை எவர் பற்றினர், எவர் முன்னின்று ஆடினர் என்பவற்றைச் சூழவிருந்த தாய்மாரும் பாட்டிமாரும் கூர்ந்து நோக்கினர். ஊரின் சொத்துரிமை முழுவதும் அவ்வட்டத்திலே சுழன்றது என்பது மிகையாகாது.

ஆடவர் கூட்டத்தின் சிறப்பு வேறு. லீராவும், லவுத்தோ என்னும் நீண்ட கழுத்துடைய நரம்புக் கருவியும், ஆட்டுத்தோலாற் செய்த சம்பூனா என்னும் துருத்திக் குழலும் நடுவில் ஒலிக்க, ஆடவர் மேசையைச் சூழ்ந்து அமர்வர். ஒருவர் மந்தினாதா எனப்படும் ஈரடிப் பாட்டை அவ்விடத்திலேயே கட்டிப் பாடுவார். ஏனையோர் அதனை ஏற்றுப் பாடுவர். பின்னர் இன்னொருவர் அதற்கு விடையாக வேறோர் ஈரடி பாடுவார். அடியொன்றுக்குப் பதினைந்து அசைகள். ஈரடியும் இறுதியில் இயைபுபெற்று நிற்கும். பதினைந்தசை யாப்பு பைசாந்தியர் காலத்தது. இயைபோ வெனிசியர் ஆண்ட கிறீற்றிலே தழைத்து, அங்கிருந்து பரவியது. 1211 தொடக்கம் 1669 வரை நீடித்த அவ்வாட்சியின் கடைக்காலத்தில் விற்சென்சோஸ் கொர்னாரோஸ் இயற்றிய எரோத்தொக்கிரித்தோஸ் என்னும் பெருங்காவியமும் இவ்வீரடி யாப்பினாலேயே ஆயது. மந்தினாதா என்னும் பெயரும் வெனிசியச் சொல்லின் வழிவந்ததே. ஆளவந்தாரின் சொல்லைக் குடியானவர் தம் உடைமையாக்கிக்கொண்டனர்.

இங்ஙனம் ஆடவர் கூடிப் பாடும் கூட்டத்தைக் கிளெந்தி என்பர். களிப்பு என்பது அச்சொல்லின் பொருள். ஆயின் அங்கே அழுகையும் உண்டு. அண்மையில் இறந்தவரை விளித்துப் பாடுதல், அயல்நாடு சென்ற மகனை நினைந்து பாடுதல், முன்பு பகைத்தவருடன் பாட்டாலே சமாதானம் பேசுதல் என்பன அக்கூட்டத்தின் பணிகளாம். வயது முதிர்ந்த ஆடவர் ஊரார் முன்னிலையிற் கண்ணீர் விட்டழுதல் அங்கு இழுக்கெனக் கருதப்படுவதில்லை. நல்ல கிளெந்திக்கு அதுவே அடையாளமாகும். பிற இடங்களில் ஆடவர் அடக்கிவைக்கும் துயருக்கு ஊரே வகுத்துக் கொடுத்த வாய்க்கால் இது எனலாம்.

விழாக்களின் காலமும் இவ்வுண்மையையே உணர்த்தும். தீவுகளின் திருவிழாக்கள் கீழைத் திருச்சபையின் நாட்காட்டியைத் தழுவியவை. உயிர்த்த ஞாயிற்றை அடுத்த செவ்வாய்க்கிழமை, ஒலிம்பொஸ் ஊரார் கோயிலின் திருவுருவப் படங்களைச் சுமந்து வயல்வழியே சென்று மழைவேண்டி மன்றாடுவர். இடுகாட்டை அடைந்து இறந்தோருக்காகவும் வேண்டுவர். ஆகத்து 15ஆம் நாள் தேவமாதா துயில்கொண்ட திருநாள். அது ஒரு மரணத்தின் நினைவாதலின், அங்கு ஆடல் துயரந்தோய்ந்த மெல்லிய நடையிலே தொடங்கும். ஆகத்து 29ஆம் நாள் திருமுழுக்கு யோவானின் விழா. அன்று ஊரார் படகேறியும் நடந்தும் விரூக்குண்டா என்னும் கடலோரப் பாழூரை அடைந்து, குகைக்குள் அமைந்த கோயிலிலே வழிபட்டு, இரவு முழுதும் அங்கே தங்கி உண்டு ஆடுவர். இருந்தோரும் இறந்தோரும் ஒரே விழாவிற் பங்குகொள்ளும் காட்சி இவ்விடங்களிற் புலனாகின்றது.

இனி, கார்பதொசுக்கு வடமேற்கே, ஆசியா மைனரின் கரையை அடுத்துள்ள கலிம்னொஸ் தீவுக்குச் செல்வோம். அது நிலவளம் குன்றிய தீவு. அதன் மக்கள் கடலடியிற் கடற்பஞ்சு பறித்து வாழ்ந்தனர். முற்காலத்தில் மூழ்குவோர் தட்டையான கல்லொன்றைப் பற்றிக்கொண்டு ஒரு மூச்சிலே இறங்கி மீண்டனர். 1860களிலே தலைக்கவசத்தோடு கூடிய மூழ்கு உடை இப்பகுதிக்கு வந்தது. காற்று மேலிருந்து குழாய்வழியே அனுப்பப்பட்டமையால், மூழ்குவோர் ஆழத்திலே நெடுநேரம் தங்க முடிந்தது. வருவாய் பெருகியது, நோயும் பெருகியது. அழுத்தம் மிக்க ஆழத்திலே குருதியிற் கரைந்த நைதரசன் வாயு, மூழ்கியவர் விரைந்து மேலெழும்போது குமிழிகளாகி நரம்புகளைத் தாக்கும். பிரெஞ்சு அறிஞர் போல் பேர் 1878இல் இதன் காரணத்தை விளக்கினார். படிப்படியாக மேலெழுதற்குரிய அட்டவணையை ஆல்டேன் 1908இல் வெளியிட்டார். அவ்வறிவு படகுகளை எட்டுமுன்னும், எட்டியபின் பேராசையாற் புறக்கணிக்கப்பட்டமையாலும், பலர் மாண்டனர். பலர் கால் முடங்கி வீடுதிரும்பினர்.

இத்துயர் ஆடலாயிற்று. மிகானிக்கோஸ் என்பது அதன் பெயர். இயந்திரத்தின் துணையோடு மூழ்குபவன் என்பது பொருள். வட்டத்தின் தலைவன் கையிற் கோலொன்றை ஊன்றி வருவான். ஏனையோர் வழக்கம்போல் ஆட, அவன் கால்கள் நடுங்கும். நிமிர முயன்று தளர்வான். தோழரின் ஆடலுக்கு இணங்க அடிவைக்கப் பெரிதும் முயல்வான். முடங்கியவனை ஊரார் வட்டத்தினின்று நீக்கவில்லை, தலைமையிடத்தில் நிறுத்தினர். கடற்பஞ்சு வணிகர் எத்தனை எடை விற்றனர் என்பதைக் கணக்கேடுகள் கூறக்கூடும். அதன் விலையை யார் கொடுத்தனர் என்பதை இவ்வாடல் கூறுகின்றது.

இப்பாடல்களை வெளியுலகு அறிந்த வரலாறும் சுவை மிக்கது. பிரெஞ்சு மொழியறிஞர் இயூபேர் பெர்னோ 1898–1899ஆம் ஆண்டுகளிலே, அப்போது துருக்கியர் ஆட்சியிலிருந்த கியொஸ் தீவுக்கு ஒலிப்பதிவுப் பொறியொன்றைக் கொண்டுசென்று ஊரார் பாடல்களைப் பதிந்தார். அவர் தொகுத்த மெட்டுக்களிற் சிலவற்றைப் பிரெஞ்சு இசையாசிரியர் மொறிஸ் ரவெல் பியானோவின் துணையிசையோடு அமைக்க, பாரிசு நகர அரங்குகளில் அவை ஒலித்தன. கார்பதொசும் கலிம்னொசும் அடங்கிய பன்னிரு தீவுகளை 1912இல் இத்தாலியர் கைப்பற்றினர். அவ்வாட்சிக் காலத்திலே சுவிற்சர்லாந்து நாட்டினரான சாமுவேல் போ-போவி ஊரூராகச் சென்று பாடல்களைத் திரட்டி, 1935இலும் 1938இலும் இரு தொகுதிகளாக வெளியிட்டார். 1936இல் ஆளுநராக வந்த தெ வெக்கி பள்ளிகளிலே கிரேக்க மொழியின் இடத்தை ஒடுக்கினார். கரும்பலகையினின்று அகற்றப்பட்ட மொழி ஆடற்களத்திலே தங்கியிருந்தது. அத்தீவுகள் 1948ஆம் ஆண்டு கிரேக்கத்துடன் முறைப்படி இணைந்தன.

மற்றொரு பெருநிகழ்ச்சியையும் குறித்தல் வேண்டும். 1922இல் ஆசியா மைனரிற் கிரேக்கப் படை தோல்வியுற்றது. அடுத்த ஆண்டு இலோசான் உடன்படிக்கை குடிமக்கள் மாற்றத்தை உறுதிசெய்தது. ஏறத்தாழ 12 இலட்சம் மக்கள் ஏதிலிகளாகக் கிரேக்கத்தை வந்தடைந்தனர். எதிர்க்கரையை நோக்கிக் கிடக்கும் லெஸ்போஸ் முதலிய தீவுகளிலே பலர் குடியேறினர். வீட்டையும் தோட்டத்தையும் இழந்தோர் தம் இசையை இழந்திலர். இசிமீர் நகரத்து மெட்டுக்கள் அவர்களோடு கடல் கடந்து வந்து, புதிய ஊர்களின் திருமணங்களிலே ஒலித்தன.

தீவினரும் பிற நாடுகளுக்குப் பெயர்ந்தனர். 1905 தொடக்கம் பன்னிரு தீவுகளின் மூழ்குவோர் அமெரிக்காவிலுள்ள தார்ப்பன் இசுப்பிறிங்சு என்னும் ஊரிலே குடியேறினர். கார்பதொஸ் மக்கள் பிரேயசுத் துறைமுகத்துக்கும் அமெரிக்க நகரங்களுக்கும் சென்றனர். 1986ஆம் ஆண்டளவிலே மத்தியதரைக் கடலின் கடற்பஞ்சுகளைக் கொள்ளைநோய் ஒன்று தாக்க, கலிம்னொசின் பழந்தொழில் மேலும் நலிந்தது. கிராமங்கள் குளிர்காலத்தில் வெறிச்சோடின.

இந்நிலையிலே ஆடலைக் காக்கும் பணியை நகரம் மேற்கொண்டது. 1953இல் தோரா இசுத்திராத்து அமைத்த ஆடற்குழு, தீவுகளினதும் பெருநிலத்தினதும் ஆடல்களை ஏதென்சு அரங்கிலே உரிய உடைகளோடு நிகழ்த்திற்று. அத்தொண்டு போற்றற்குரியது. எனினும் ஒரு வேறுபாட்டை மறத்தல் கூடாது. அரங்கிலே ஆடுவோர் அவையோரை நோக்கி ஆடுவர். கிராமத்து வட்டமோ உள்நோக்கியது. நடுவில் இசைஞர், சுற்றிலும் உறவினர். அங்கு நோக்குவோரும் நோக்கப்படுவோரும் ஒருவரே. அரங்கு ஆடலின் அடிகளைக் காக்கவல்லது. அவ்வடிகளுக்குப் பொருள் தந்த கடன்களை, அஃதாவது இறந்தாரை நினைத்தலையும் பிரிந்தாரை அழைத்தலையும் பகைத்தாரை இணைத்தலையும், அரங்கினாற் செய்தல் இயலாது.

அக்கடன்கள் இன்னும் முற்றாக அற்றுவிடவில்லை. ஆகத்து மாதம் வந்ததும் அமெரிக்காவிலிருந்தும் பிரேயசிலிருந்தும் கார்பதொஸ் மக்களிற் பலர் தம் ஊருக்கு மீளுகின்றனர். தாத்தாவின் லீராவைப் பேரன் கையிலெடுக்கின்றான். அயல்நாட்டிற் பிறந்த பெண் பாட்டியின் பொற்காசுகளை அணிந்து வட்டத்திற் சேர்கின்றாள். சுற்றுலா வந்தோர் அருகே நின்று படம் பிடிக்கின்றனர். அவர்களுக்கு அது காட்சி. ஊராருக்கோ ஆண்டுக்கொருமுறை கூடும் ஊர்ச்சபை. எவர் வந்தனர், எவர் வந்திலர் என்னும் கணக்கு அவ்வட்டத்திலே எடுக்கப்படுகின்றது. அக்கணக்கை எடுப்பதற்கு ஆளிருக்கும்வரை மந்தினாதா புதிதாகப் பிறக்கும். ஆளற்ற நாளில் ஒலிப்பதிவுகள் எஞ்சும். அவை பழைய பாடல்களைக் காக்குமேயன்றி, அவ்வாண்டு இறந்தவருக்காக ஒரு புதிய ஈரடியைக் கட்டமாட்டா. வரலாறு பயில்வோர் நூலகத்து ஏடுகளைப் புரட்டுதலோடு அமையாது, ஏடறியாத மக்கள் தம் வாழ்வை எழுதிவைத்த இவ்வகை ஏடுகளையும், அவற்றைப் படித்துக் காட்டவல்ல முதியோர் உள்ளபோதே, கற்றுக்கொள்ளுதல் கடனாகும்.