ஆல்கஹாலும் அழுத்தமும்: ஒரு பீரங்கிப் படை வாத்தியார் கதை



போன வாரம் பழைய மாணவர் ஒருவர் போனில் கேட்டார்: "சார், லீ சாட்லியர் தத்துவம் நடத்தினீங்களே, அதை யாராவது நிஜமா செஞ்சு பார்த்தாங்களா?" வருடக்கணக்கில் அதை ஐந்து மார்க் கேள்வியாகவே நடத்தித் தள்ளியவன் நான். கொஞ்சம் வெட்கமாகத்தான் இருந்தது.

1900 வாக்கில் ரஷ்யாவின் செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கில், பீரங்கிப் படை அகாடமியில் வேதியியல் நடத்தியவர் விளாதிமிர் இபாத்தியேவ். சூடேற்றிய இரும்புக் குழாய் வழியே ஆல்கஹால் ஆவியை அனுப்பினார். அது ஆல்டிஹைடாகவும் ஹைட்ரஜனாகவும் பிரிந்தது. கண்ணாடிக் குழாயில் அது அவ்வளவு எளிதில் நடக்கவில்லை. அப்படியானால் குழாயின் சுவரே வினையூக்கி! அலுமினாவை வைத்தால் அதே ஆல்கஹால் எத்திலீனும் தண்ணீருமாகப் பிரிந்தது.

அடுத்து, மூடிய கலனில் அழுத்தம் ஏற்றினால் என்ன ஆகும் என்று பார்க்க நினைத்தார். அந்த வெப்பத்தில், அந்த அழுத்தத்தில் வாயு கசியாமல் மூடுவதுதான் பெரும்பாடு. கனத்த எஃகுக் கலனுக்கும் மூடிக்கும் நடுவே செம்பு வளையம் வைத்து இறுக்கினார். பீரங்கிக்காரர் அல்லவா! 'இபாத்தியேவ் பாம்' என்றே அதற்குப் பெயர்.

இங்கே மூலக்கூறுகளை எண்ணிப் பாருங்கள். ஒரு ஆல்கஹால் பிரிந்தால் ஆல்டிஹைடு ஒன்று, ஹைட்ரஜன் ஒன்று, ஆக இரண்டு. எத்திலீன் வழியிலும் அப்படியே. நெரிசலான பஸ்ஸில் ஆள் கூடுவதை அழுத்தம் விரும்பாது. சமநிலையைப் பின்னுக்குத் தள்ளும். ஹைட்ரஜனை அழுத்தி ஏற்றியபோது அசிட்டோன் திரும்பவும் ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் ஆனது. ஆனால் இரண்டு ஆல்கஹால் சேர்ந்து ஒரு ஈத்தரும் ஒரு தண்ணீரும் ஆகும்போது எண்ணிக்கை மாறுவதில்லை. அந்த வழியை அழுத்தம் அடைப்பதில்லை. (இந்தக் கணக்கை நான் வகுப்பில் சொல்லியிருக்க வேண்டும்.)

1923-இல் ஜெர்மனியின் லாய்னாவில் கார்பன் மோனாக்சைடையும் ஹைட்ரஜனையும் நூற்றுக்கணக்கான வளிமண்டல அழுத்தத்தில் சேர்த்து மெத்தனால் தயாரித்ததும் இதே கணக்குதான். மெத்தனால் உடைவதை அப்படியே திருப்பிப் போட்டார்கள்.

இபாத்தியேவ் 1930-இல் ரஷ்யாவை விட்டு வெளியேறி அமெரிக்கா போனார். அங்கே ரஷ்யாவில் அறிவியல் அகாடமி அவர் பெயரை நீக்கியது. வேதியியலாளரான சொந்த மகனே அவருக்கு எதிராகப் பேச வேண்டி வந்தது. 1952-இல் சிகாகோவில் காலமானார்.

போனில் கேட்ட பிள்ளைக்கு: ஆமாம்ப்பா, செஞ்சு பார்த்திருக்காங்க.